அமாவாசை நாளின் ஏழு கட்டங்கள்

என் சித்தப்பா மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்திற்காக அவளை ‘அக்கா’ என்று அழைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேச்சுப் போட்டிகளில் பதினோரு கோப்பைகளை வென்ற என்னை அவள் ‘டேய்’ என்றுதான் அழைப்பாள். அதற்கு எந்தச் சட்டமும் தடையாக இருந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், நெசவாளர் ஊரான முள்ளிப்பட்டில், இருவருக்கும் இருபது வயது. நான் மேடையை நம்பினேன். அவள் கட்டம் போட்ட தாளை நம்பினாள். அந்தத் தாளின் மேல் நான் கொண்ட பொறாமை இன்றும் முழுதாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் ஒரு டிசைன் கடையில் அவளுக்கு வேலை. சேலைக் கரையில் வரவேண்டிய அன்னத்தை முதலில் கட்டத் தாளில் சிவப்பு மையால் நிரப்புவார்கள். நிரம்பிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் தறியில் மாட்டும் அட்டையில் ஒரு துளை குத்த வேண்டும். ஒரு துளை தவறினால் அன்னத்தின் கழுத்து முறிந்து நெய்யப்படும். அவள் குத்திய அட்டையில் எந்த அன்னத்தின் கழுத்தும் முறிந்ததில்லை என்று எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார். என் கோப்பைகளைப் பற்றி அவர் அடிக்கடி சொன்னது, அவை அலமாரியில் இடத்தை அடைக்கின்றன என்பது.

மாலை ஆறரை மணி டவுன் பஸ்ஸில் அவள் வீடு திரும்புவாள். கடையில் வீணான தாள்களைக் கொண்டுவந்து, அவற்றில் அந்தப் பஸ்ஸை வரையத் தொடங்கினாள். ஒரு நாளுக்கு ஒரு நெட்டு வரிசை. ஏறிய ஆள் ஒருவருக்கு ஒரு சிவப்புக் கட்டம். பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தவர்கள் யார் என்று மறுநாள் காலையில் விசாரித்து, அவர்களுக்கு வெறும் கோடு கட்டிய கட்டம். ஓடைத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிப் பஸ் பாதியில் திரும்பிய நாள்களுக்கு நீலம்.

“இன்னாடி இது, பஸ்ஸுக்குக் கரை போட்டுகினு இருக்கியா?” என்று வீட்டார் காதில் விழாமல் கேட்டேன்.

“ஆமாண்டா. உன் வாய்க்குத்தான் கரை இல்ல,” என்றாள்.

ஊர் சிரித்தது. சிரித்ததோடு நிற்கவில்லை, அவளிடம் போய்க் கேட்கவும் தொடங்கியது. “பாப்பா, வெள்ளிக்கெழம பஸ்ல எடம் கெடைக்குமா?” “மழ வந்தா எந்தப் பக்கமா திருப்புவான், சொல்லும்மா.” தறிக் குழியிலிருந்து எழுந்துவந்து அவளிடம் நின்ற அதே மனிதர்கள்தான், முந்தைய மாதம் படிப்பக மேடையில் நான் நாற்பது நிமிடம் முழங்கியபோது கடைசி வரிசையில் கொட்டாவி விட்டவர்கள். அவள் தாளைப் பார்த்து ஒரே சொல்லில் பதில் சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் தலையாட்டும் விதம் என் நெஞ்சைக் குடைந்தது.

அப்போது பஸ் அலுவலகத்திலிருந்து படிப்பகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆறரை மணி வண்டியில் கூட்டம் இல்லை என்று புகார் வந்திருப்பதாகவும், நேரில் பார்வையிட வசதியான ஒரு நாளைத் தெரிவிக்குமாறும் எழுதியிருந்தார்கள். படிப்பகச் செயலாளர் நான். அமாவாசை என்று எழுதினேன்.

எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. தறி ஓடாத நாளில் தெரு முழுவதும் ஆள் இருக்கும். ஆள் இருந்தால் என் பேச்சுக்கு அவை நிறையும். அவை நிறைந்தால் அதிகாரி உருகுவார். என் கணக்கு அவ்வளவுதான்.

அவள் கேள்விப்பட்டு ஓடிவந்தாள். “அமாவாசையில வாணாண்டா. அன்னிக்கு யாரு சேலய எடுத்துகினு ஆரணிக்குப் போவா? பஸ்ஸு காலியாத்தான் வரும்.”

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அவள் சொன்னதாலேயே அதை ஏற்க முடியவில்லை. “ஊரைக் கூட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும்,” என்று மேடைத் தமிழில் பதில் கொடுத்தேன்.

அந்த அமாவாசை மாலையில் நான் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. அதிகாரி முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினார். ஆரணியில் ஏதோ வேலையிருந்த ஒன்றிரண்டு பேர்கூட என் பேச்சுக்காக ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அதே வேளையில் அவருடைய உதவியாளர் ஆறரை மணி வண்டியில் உட்கார்ந்து ஆள்களை எண்ணிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. வண்டியில் ஏழு பேர் மட்டுமே இருந்ததால், அடுத்த மாதம் முதல் அந்த நடை நிறுத்தப்படும்.

சித்தப்பா உத்தரவை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மகளிடம், “பஸ்ஸு இல்லன்னா வேலையும் இல்ல. இருட்டுல ஒரு மணி நேரம் உன்ன நடக்க வுட்டுட்டு நான் பேஜார் பட முடியாது. கடையில சொல்லிடு,” என்றார். அவள் விரலில் காய்ந்திருந்த சிவப்பு மையைச் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

இனி அந்தத் தாளுக்கு வேலை இல்லை என்ற எண்ணம் ஒரு கணம் எனக்குள் இனித்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் இனித்தது.

அன்று மாலை அவளே என்னைத் தேடிவந்தாள். “நாளைக்கு ஆபீசுக்கு வா. தாள நான் எடுத்துகினு வரேன். பெரிய மனுசங்க முன்னாடி எனக்குப் பேச வராது. நீ பேசு.”

நாளைக் குறித்தவன் நான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

ஆரணி அலுவலகத்தில் நான் தொண்டையைச் செருமி, “பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே,” என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

“தம்பி, அன்னிக்கே கேட்டுட்டேன். பிரமாதமா பேசினீங்க. ஆனா பஸ்ல ஆளு இல்லியே.”

பதினோரு கோப்பைகளும் அந்த ஒரு வரியில் கவிழ்ந்தன. அவள் முன்னால் வந்து தாள்களை மேசைமேல் விரித்தாள். மூன்று மாதத்துப் பஸ், முந்தானையைப் போல நீளமாகக் கிடந்தது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினார்.

“இன்னாம்மா, நடுநடுவுல பல்லு வுழுந்தா மாதிரி இருக்கு?”

“அமாவாச சார். அன்னிக்கு நாங்க தறி ஓட்ட மாட்டோம். ஆரணிக்கும் வர மாட்டோம். மத்த நாளு பாருங்க.”

மற்ற வரிசைகள் உயரமாகச் சிவந்திருந்தன. அவர் விரல் கடைசி அமாவாசையில் நின்றது. நடத்துநரிடம் கேட்டு நிரப்பிய ஏழே கட்டங்கள். அவற்றின் கீழே பென்சிலில் இரண்டு சொற்கள்: தம்பி பேச்சு.

“இது இன்னா, தம்பி பேச்சு?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. மழைக்கு நீலம் போட்டதைப் போலவே, அன்று ஆள் குறைந்ததற்கான காரணத்தை எழுதியிருந்தாள். அதில் வன்மம் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நான்தான் சார்,” என்றேன். “நாள் குறிச்சதும் நான்தான். அக்கா வாணாம்னு சொன்னாங்க. நான் கேக்கல.”

என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை அது. வீட்டுக்கு வெளியே அவளை ‘அக்கா’ என்று சொன்னதும் அதுவே முதல்முறை. அதிகாரி உரக்கச் சிரித்தார். “ஊரையே ஒக்கார வெச்சுட்டா பஸ்ல யாருய்யா ஏறுவா?” பிறகு சிரிப்பை நிறுத்தி, வெறும் கோட்டுக் கட்டங்களைத் தொட்டார். “இவங்கல்லாம் யாரு?”

“நடந்து வர்றவங்க சார். முதலாளிங்க வீட்ல சேலய விரிச்சுப் பாத்து அனுப்பவே ஏழு மணி ஆவுது. ஆறரைக்கு எப்படி ஓடியாருவாங்க?”

அவர் அந்தக் கட்டங்களை எண்ணிப் பார்த்தார். நடையை நிறுத்த வேண்டாம், ஏழேகாலுக்கு மாற்றி மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று உதவியாளரிடம் சொன்னார். மாதாமாதம் இப்படி ஒரு தாள் கொண்டுவந்து தர முடியுமா என்று அவளிடம் கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சித்தப்பாவும் அந்த மூன்று மாதத்திற்கு அவள் வேலைக்குப் போக ஒப்புக்கொண்டார்.

ஏழேகால் வண்டி ஓடத் தொடங்கிய முதல் நாள், யாரும் அழைக்காமலேயே ஆரணிக்குப் போய் நின்றேன். வண்டியில் கால் வைக்க இடமில்லை. துணியில் சுற்றிய பாவு நூல் மூட்டை ஒன்று என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து, பிறகு சிவப்புக் கட்டமாக்க, ஏறுபவர்களுக்குப் பென்சிலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நடத்துநர் அவளுக்காக இருமுறை விசிலைத் தாமதித்தார். எனக்காக எவரும் எதையும் தாமதித்ததில்லை என்று நினைத்தேன்.

“நீ எங்கடா இங்க? ஆரணியில பேச்சுக் கூட்டமா?” என்றாள்.

“கூட்டம் இல்ல. சும்மாதான். ஒரு ஆளு கூடட்டும்னு வந்தேன்.”

அவள் பென்சிலை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சும்மா வந்தவன எண்ண மாட்டேன். கணக்கு பொய்யாப் பூடும். வேல இருந்தா வா, கட்டம் போடறேன்,” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் ஏறிய கிழவருக்குப் புள்ளி வைத்தாள்.