வெந்நீர் போக வழியில்லாத வீடு

ஹல் நகரத்தில் ஓய்வு பெறும்வரை பேருந்து ஓட்டியவர் ஹெட்லி ரெய்ஸ்ட்ரிக். எஞ்சினில் எழும் சிறு முனகலையும் காதாலேயே பிரித்தறிவார் என்று பணிமனையில் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கு, வெந்நீரைக் குழாய்களில் ஓட்டி வீட்டைச் சூடாக்கும், தம் சமையலறைச் சுவரில் தொங்கிய பாய்லர் எதற்காகக் கதறுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

முதலில் அது கெட்டில் கொதிப்பதுபோல் உறுமும். பிறகு யாரோ உள்ளிருந்து சம்மட்டியால் அடிப்பதுபோல் இடிக்கும். இடி உச்சத்தை எட்டியதும் தானாகவே அணைந்துவிடும். அதன்பின் குளிர்தான்.

மனைவி முரியல் நுரையீரல் நோயோடு இலையுதிர்காலம் தொட்டு மருத்துவமனையில் கிடந்தாள். இந்தப் பிப்ரவரியில் அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கிருந்து ஒருவர் வந்து, அவள் படுக்கும் அறை கதகதப்பாகவும் அவள் உடம்புக்கு ஏற்றதாகவும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவள் போக வேண்டிய இடம் ஸ்கார்பரோவில் உள்ள ஒரு முதியோர் இல்லம். வீட்டைப் பார்க்க வருபவர் மறுநாள் காலை வருவதாக இருந்தது.

பழுது பார்ப்பவரை அழைக்க ஹெட்லிக்குத் துணிவில்லை. பாய்லர் பழையது. ஆபத்து என்று பட்டால் கேஸை அடைத்து, இயக்கக் கூடாது என்ற சிவப்புச் சீட்டை அதன் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போவது அவர்கள் கடமை. தெருக்கோடி வீட்டில் அப்படி ஒரு சீட்டு குளிர்காலம் முழுவதும் ஒட்டிக்கிடந்ததை அவர் பார்த்திருந்தார்.

ஆகவே தாமே இறங்கினார். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சமையலறை ரேடியேட்டரில் சிறு சாவியைத் திருகி, அடைபட்ட காற்றைச் சீறவிட்டார். குழாயைத் திறந்து, குறைந்திருந்த அழுத்தம் ஏறும்வரை தண்ணீர் விட்டார். மறுபடி பற்றவைத்தார். மறுபடியும் இடித்தது. கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

அடுத்த வீட்டு ரீட்டா, துணி மூடிய தட்டோடு பின்வாசல் வழியாக வந்தாள்.

"என்ன ஹெட்லி, உள்ள யாரையாவது போட்டு அடைச்சு வச்சிருக்கியா? கதவ இடிக்கிற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"வேற என்ன, நானும் உக்காந்து அழவா? கறி வச்சுச் சுட்ட அப்பம் கொண்டாந்திருக்கேன், சூடு ஆறுறதுக்குள்ள தின்னு. முரியல் ரூம்ல சூடு ஏறிடுச்சா?"

"அங்க ரேடியேட்டர இன்னும் தொறக்கல. அவ போனதுலேர்ந்து இந்தக் கிச்சன்லயேதான் இருக்கேன், இந்த நாற்காலிலயே தூங்கிக்கிறேன். மத்த ரூம் ரேடியேட்டரயெல்லாம் மூடிட்டேன். ஒத்த ஆளுக்கு எதுக்கு முழு வீட்டயும் காய்ச்சணும்? காலைல தொறக்கலாம்னு இருந்தேன். மொதல்ல இது அடங்கணுமே."

"எங்க அப்பனும் இப்படித்தான். பாதிரியார் வந்தா மட்டும் முன்னறைல சூடு போடுவான். அவரு வாசல் தாண்டுறதுக்குள்ள மூடிடுவான்."

ஹெட்லி சிரிக்கவில்லை. அவர் பார்வை சமையலறை ரேடியேட்டரின் திருகில் நிலைத்தது. அறை சூடானதும் அது தானாகவே மூடிக்கொள்ளும் வகை.

"ரீட்டா, எல்லாத் தெருவயும் மறிச்சுட்டு பஸ்ஸக் கெளப்பிவிட்டா அது எங்க போகும்?"

"எனக்கென்னப்பா தெரியும். நீதான ஓட்டுன."

"டிப்போவுக்குள்ளயே சுத்தி சுவத்துல முட்டும். இந்த ஒத்த ரேடியேட்டரும் மூடிக்கிட்டா வெந்நீர் போக வழி இல்ல. அதான் உள்ளயே கொதிச்சு இடிக்குது. நாந்தான் மறிச்சு வச்சிருக்கேன்."

அறை அறையாகப் போய்த் திருகுகளைத் திறந்தார். குழாய்களில் சலசலப்பு ஓடியது. ஆனால் மாடியில், முரியலின் அறை ரேடியேட்டர் மட்டும் சில்லென்றே இருந்தது. திருகின் தலையைக் கழற்றிப் பார்த்தார். வெந்நீரை விடவும் அடைக்கவும் ஏறி இறங்க வேண்டிய ஊசி, மாதக்கணக்கில் அழுந்திக்கிடந்ததால் எழும்பாமல் சிக்கியிருந்தது.

"இடுக்கி போட்டு இழுக்காத. கையோட வந்துடப்போகுது" என்றாள் ரீட்டா, ரேடியேட்டருக்கு அடியில் பாத்திரத்தைப் பிடித்தபடி.

"வந்தா கூரை வரைக்கும் தண்ணிதான். தெரியும்."

ஸ்பேனரின் பிடியால் மெல்லத் தட்டினார். இடுக்கியால் பற்றி, அசைத்து அசைத்துப் பார்த்தார். நெடுநேரம் அது எழும்பவில்லை. கடைசியில் சட்டென்று துள்ளி மேலே வந்தது. ரேடியேட்டருக்குள் நீர் புகும் ஒலி கேட்டது. கீழே பாய்லரின் இடி தேய்ந்து, சீரான முணுமுணுப்பாக அடங்கியது. ஹெட்லி ஈர முகத்தை அந்த இரும்பில் பதித்துக்கொண்டு, அது சூடாகும்வரை எழவில்லை.

காலையில் மருத்துவமனையிலிருந்து வீட்டைப் பார்க்க வந்த கார்லா இளம்வயதுப் பெண், கனிவானவள். மாடியறை நன்றாகச் சூடேறியிருந்தது. அவள் மூக்கைச் சுளிக்காமல் மூச்சிழுத்துப் பார்த்தாள்.

"இந்த அலமாரிய கொஞ்சம் நகர்த்தலாமா, மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக்?"

நகர்த்தினார்கள். சூடில்லாமல் மூடிக்கிடந்த சுவர் மாதக்கணக்கில் ஈரம் குடித்து, தரையிலிருந்து தோளுயரத்துக்குக் கரும்பூசணம் பூத்திருந்தது.

"இந்த நெஞ்சோட அவங்கள இங்க படுக்க வைக்க என்னால ஒத்துக்க முடியாது. மன்னிச்சுக்குங்க."

"பாய்லர் சத்தம் நின்னுடுச்சு. கேட்டுப் பாருங்க" என்றார் ஹெட்லி.

அவள் உண்மையாகவே நின்று கேட்டாள். "ஆமா, நின்னுடுச்சு. சுவரு சுத்தமா காஞ்சதும் கூப்பிடுங்க, நானே வர்றேன்."

"அதுவரைக்கும்?"

"ஸ்கார்பரோலதான்."

முரியலை ஸ்கார்பரோவுக்குக் கொண்டுபோன அன்று மாலை தொலைபேசி ஒலித்தபோது, ஹெட்லி வாளியும் தூரிகையுமாக அந்தச் சுவரின்முன் மண்டியிட்டிருந்தார். முரியலின் குரல் இரைப்பினிடையே வந்தது.

"எங்க இருக்க?"

"நம்ம ரூம்ல."

"அங்க வெறைக்குமே. கிச்சனுக்குப் போ."

"இல்ல, சூடா இருக்கு. எல்லாத்தயும் தொறந்து விட்டுட்டேன்."

"எல்லாத்தயுமா? ஆளே இல்லாத ரூமுக்கெல்லாமா?" அவள் இருமி முடிக்கச் சற்று நேரமாயிற்று. "ஒனக்கென்ன பைத்தியமா, ஹெட்லி? போய் மூடு."

"சரி" என்றார். பேசி முடித்ததும், திருகைத் தொடாமல், தூரிகையை மறுபடி வாளியில் தோய்த்தார்.