பேனாட் துடைக்காமல் விட்ட தரை

பேனாட் யாழ்ப்பாணத்தில் மின்சார சபையில் மீற்றர் பார்த்தவர். டென்மார்க்கில் பிரெடெரிசியாவுக்கு வந்தபின் ஒரு டேனிஷ் மேசனிடம் எட்டு மாதம் டைல்ஸ் பதித்தார். 1986இல் அந்த ஊர்த் தமிழரின் ஜெபக் கூட்டத்தில் அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கூட்டம் என்றால் பதினெட்டுப் பேர். பாஸ்டர் தேவகுமாரின் வீட்டு முன்னறையில் ஆராதனை நடந்தது. கைதட்டிப் பாடினால் கீழ்வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பாள். டேனிஷ் தேவாலயம் ஒன்று தன் கீழ்த்தளத்தைத் தர முன்வந்தது. அங்கிருந்த பழைய குளியலறையை அவர்களே திருத்த வேண்டும். சனிக்கிழமை பராமரிப்பாளர் ஈப் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால்தான் இடம்.

புதன் மாலை ஐந்தரைக்குப் பேனாட் தரை டைல்ஸின் இடுக்குகளைச் சீமெந்துக் கலவையால் நிரப்பி முடித்தார். மேலே படிந்ததை அரை மணித்தியாலத்துக்குள் ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். பஞ்சை நனைக்கும்போது பாஸ்டர் வாசலில் நின்றார்.

"பிரதர், எல்லாரும் வந்திட்டினம். ஜெபம் தொடங்கப்போகுது."

"கொஞ்சம் துடைக்கக் கிடக்கு பாஸ்டர்."

"போன கிழமையும் நீங்கள் வரேல்லை."

பத்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம் என்று பக்கத்துத் தெருவிலிருந்த பாஸ்டர் வீட்டுக்குப் போனார். அன்று அவருடைய கைகளை ஆசீர்வதிக்கும்படி ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். இடையில் எழும்ப முடியவில்லை. திரும்பி வந்தபோது தரை முழுவதும் சாம்பல் படலம் இறுகிப்போயிருந்தது.

அசிட் அதைக் கரைக்கும். புதிதாய் நிரப்பிய இடுக்கையும் தின்னும். ஒரு கிழமையாவது பொறுக்க வேண்டும். அவருக்கு இருந்தது இரண்டு நாள். மரச் செதிலால் சுரண்டினார். மனைவி தங்கமலர் கோப்பை கழுவும் நைலோன் தும்போடு வந்து உட்கார்ந்தாள். இடுக்கில் படாமல் ஒவ்வொரு டைலாகத் தேய்த்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தண்ணீரை மாற்றினார்கள்.

"இப்ப கண்ணாடி மாதிரிக் கிடக்கு," என்றாள்.

"காயட்டும் பார்."

காய்ந்தது. மறுபடி வெளிறியது.

சனிக்கிழமை காலை கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி மட்டும் படலம் மிஞ்சியிருந்தது. ஈப் வருவதற்குக் கால் மணித்தியாலம். பாஸ்டரோடு பார்க்க வந்திருந்த கூட்டத்து இளைஞன் இன்பநாதன் தண்ணீர் வாளியைத் தூக்கினான்.

"ஊத்தி விடுவம் அண்ணை. ஈரத்திலை ஒண்டும் தெரியாது. இப்பதான் கழுவினது எண்டு சொல்லுவம்."

"பின்னேரம் காயும்."

"பின்னேரம் கதவுத் திறப்பு எங்கடை கையிலை."

பேனாட் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"நீங்கள்தானே வேலை தெரிஞ்சவர், பிரதர்."

பேனாட் வாளியை வாங்கி வெளியே வைத்தார். துவாயை எடுத்து, ஈரமாயிருந்த மூலைகளையும் துடைத்துக் காயவைத்தார்.

"விசர் மனுசன்," என்றான் இன்பநாதன்.

ஈப் குனிந்து கோப்பையின் ஓரத்தில் விரலைத் தேய்த்தார். இது என்ன என்று கேட்டார். துடைக்கப் பிந்திவிட்டது, ஜெபத்துக்குப் போய்விட்டேன் என்று பேனாட் தனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னார்.

"எவ்வளவு நேரம்?"

"இரண்டரை மணித்தியாலம்."

ஈப் நிமிர்ந்து பாஸ்டரை ஒருமுறை பார்த்தார். "எங்களுக்கு ஞாயிறு ஒரு மணித்தியாலம் போதும்," என்றார். பிறகு இடுக்கை நகத்தால் கீறினார். உதிரவில்லை. அசிட் போட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டினார்.

சாவி வளையத்திலிருந்து பெரிய திறப்பைக் கழற்றிப் பேனாட்டிடம் கொடுத்தார். குளியலறையின் சின்னத் திறப்பைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளி அசிட்டோடு வருவாராம். இருவரும் சேர்ந்து கழுவலாமாம். அதுவரை மேல்தளத்துக் கழிப்பறை.

பேனாட் அதை மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார். பாஸ்டர் "ஸ்தோத்திரம்" என்றார்.

"அப்ப நாளைக்கு எல்லாரும் வீட்டிலையே கக்கூசுக்குப் போயிட்டு வாங்கோ," என்றான் இன்பநாதன். "மேலை ஏற முப்பது படி."