ஞானமணி சாரின் அமைதி விளக்கு

ஞானமணி சார் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல் தணிந்த குரலில்தான் பேசினான். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். உத்திரமேரூர்ப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இது புரியும்.

அவர் அறிவியல் ஆசிரியர், நான் தமிழாசிரியர். வகுப்பில் இரைச்சல் கூடினால் நாங்களெல்லாம் பிரம்பால் மேசையைத் தட்டுவோம். அவர் தன் குரலை இன்னும் இறக்குவார். “சாரு இன்னாடா சொல்றாரு?” என்று பையன்கள் முன்னால் சாய்வார்கள். “அதட்டலும் ஒரு சத்தம்தானே சார்” என்பார் என்னிடம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மானாம்பதி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. சத்தம் கேட்டால் குழந்தையின் உடம்பு தூக்கிப்போடும். பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “காலைக்குள்ள பால் குடிக்கலன்னா செங்கல்பட்டுக்குத்தான் கொண்டுபோகணும். அவ்வளவு தூரம் தாங்குமான்னு சொல்ல முடியாது” என்றார் நர்ஸம்மா. வார்டோ ஒரே கூடம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் பாதி ஊர் நின்றது.

விஷயம் கேட்ட ஞானமணி சார் மதியம் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். பழைய ரேடியோவின் ஸ்பீக்கர்தான் அதற்குக் காது. உள்ளே சில டிரான்சிஸ்டர்கள், மேலே ஒரு டார்ச் பல்பு. சத்தம் கூடினால் பல்பு எரியும். அதைப் பார்த்து எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தோம்.

காவாந்தண்டலத்திலிருந்து வந்திருந்த என் அக்கா, பல்பு எரிய எரிய இன்னும் உரக்கப் பேசினாள். “வெளக்கு எரியுதே, பாக்கலையாம்மா?” என்று சார் கேட்டார்.

“பாத்துக்கினுதான் கீறேன் சார். பச்சக் கொயந்த கீற எடத்துல வெளக்கு மலையேறலாமா? நான் வாய மூடினா அதுவும் மூடிக்குது. அதான் வுடாம பேசிக்கினு கீறேன். தொண்டையே பேஜாராப் பூட்சி!”

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். சார் வாய்விட்டுச் சிரித்தார். “அக்கா சொல்றதுதான் சார் சரி. வெளக்கு எரியறதுன்னா எல்லாருக்கும் பிரியம். நான் தலைகீழாப் பண்ணிட்டேன்” என்று பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தார். இப்போது பல்பு அமைதியில் எரிந்தது, பேச்சு கூடினால் மங்கியது. முதலில் கண்டவள் அக்காதான்.

“ஐயையோ, மலையேறப் போவுதுடீ! அல்லாரும் வாய மூடுங்கடீ!”

அவள் போட்ட கூச்சலில்தான் பல்பு முழுதாக அணைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டில் கட்டிலாகப் பேச்சு அடங்கியது.

வெளிச்சம் உடனே வரவில்லை. மெதுவாக வரும்படிதான் சார் செய்திருந்தார். முதலில் கங்குபோல் ஒரு சிவப்பு. பிறகு அது மெல்ல மெல்ல மஞ்சளாக விரிந்தது. ஒருவரும் அசையவில்லை. கூடமே ஏரித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசைவதுகூடக் கேட்டது. அப்போது என் மனைவியின் கட்டிலிலிருந்து சின்னதாக ஓர் ஒலி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு நிற்கவில்லை. சார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெட்டி பிறகு எங்கே போனதென்று தெரியாது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, என் மகள் முதன்முதலாகப் பால் குடித்த அந்தச் சத்தம்.