கிளட்ச் மாமா வாங்கிய வண்டி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவரை இந்தத் தெருவில் எல்லாரும் கிளட்ச் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே வயதானவர். இந்தத் தெருவில் கார் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். அவர் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. ஆனால் அவர் தனக்கென்று ஒரு கார் வாங்கியதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நடந்தது வேறு. அவரே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவருக்கு இடப்பக்க இருக்கை. அவர் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் மிதித்து வண்டியைக் காப்பாற்றுவார். அந்த இருக்கையிலேயே காலம் போய்விட்டதால் மாமாவின் கால்கள் சும்மா இருக்காது. யார் காரில் ஏறினாலும், சிக்னல் வந்தால் தரையை மிதிப்பார். “மாமா, ஓட்டை போட்டுடாதீங்க, நான் தவணை கட்டிட்டிருக்கேன்” என்று என் அப்பா கிண்டல் செய்வார்.

மாடியில் இரண்டு அறைகள். அத்தை இறந்த பிறகு ஒன்றில் மட்டும்தான் விளக்கு எரிகிறது. சோபாவின் இடது ஓரத்தில் அவர் உட்காருவார். மற்ற இடமெல்லாம் மடிக்காத துணி, முட்டித் தைலம், பழைய பேப்பர். சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒருநாள் அம்மா, “மேல யாரோ வந்திருக்காங்க போல, பேச்சுக்குரல் கேக்குது” என்று இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. மாமா டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கல்லூரி முடித்ததும் அவளுக்கு மாமாதான் கார் சொல்லிக்கொடுத்தார். நன்றாகத்தான் ஓட்டினாள். மேட்டில் நிறுத்தி எடுத்தாலும் வண்டி குலுங்காமல் கிளம்பியது. கிளட்ச் மாமா பெண் என்றால் சும்மாவா என்று பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் சொன்னார்கள். டெஸ்ட் அன்று அதிகாரி பயிற்சிக் காரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சாதாரணக் காரில் அவளை ஏறச் சொன்னார். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றது. திரும்பக் கிளப்பினாள், திரும்ப நின்றது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மாமா கொஞ்ச நாளில் காலை எடுத்துவிடுவார். வண்டி நிற்கட்டும், அப்போதுதான் கால் கற்றுக்கொள்ளும் என்பார். மகளுக்கு மட்டும் அவரால் முடியவில்லை. அவள் கிளட்சை விடும்போதெல்லாம் இந்தப் பக்கம் இவர் கால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெடல் இறங்கினால் மற்றதும் இறங்கும். அவள் அதைத் தன் கால் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டாள்.

“இத்தனை நாளும் நான் ஓட்டினேனா, நீங்க ஓட்டினீங்களாப்பா?”

“வண்டி நின்னுட்டா பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிப்பான். நீ பயந்துடுவியேன்னுதான்.”

“பயந்தா என்ன? பயப்படட்டும்னு விட்டிருக்கலாமே.”

சண்டை அவ்வளவுதான். ஆனால் அவள் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. வேலை கிடைத்துப் போன ஊரில் கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதாக அத்தையிடம் சொன்னாளாம், அத்தை இவரிடம் சொன்னாள். எல்லாச் செய்தியும் அத்தை வழியாகத்தான் வந்தது. அத்தை போனதும் வழி அடைத்துக்கொண்டது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று மாமா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வருவார். கீழே எங்களுக்கு அவர் பேசுவது மட்டும் கேட்கும்.

“ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா? சரி. வேற? ஒண்ணுமில்ல. சரி, வச்சிடு.”

பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் அவரிடம் கார் இல்லை. சொந்தமாக ஒன்று அவர் வாங்கியதே இல்லை, தேவையும் இருந்ததில்லை. அந்தச் சமயத்தில்தான் மகள், லீவு கிடைத்தால் வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று சொன்னாள். மறுநாள் காலையில் மாமா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பழைய கார் விற்கும் தரகரிடம் போய் நின்றார். அவரும் மாமாவிடம் கற்றுக்கொண்டவர்தான்.

தரகர் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். கியர் வண்டி. மாமா ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தார். கியர் விழுவது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்ததாம். இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் நின்ற சாம்பல் நிறக் காரைப் பற்றிக் கேட்டார்.

“அது ஆட்டோமேட்டிக் மாமா. உங்களுக்கு எதுக்கு? சமையல்காரரே பார்சல் வாங்கிச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.”

“சாவியக் கொடுடா.”

தரகரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தெருமுனை வந்தது. வேகத்தைக் குறைக்கலாம் என்று மாமாவின் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். தரகர் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

“மாமா, அந்தக் காலுக்கு இனிமே வேலை இல்ல. மடிச்சு வச்சுக்குங்க.”

அன்று மாமா எதையும் வாங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தார். கியர் வண்டி வாங்கினால் அவருக்குச் சந்தோஷம். ஆனால் மகள் வந்தால் விருந்தாளி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக் என்றால் அவளே ஓட்டலாம். அவள் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை.

சாம்பல் நிறக் கார் வீட்டு வாசலுக்கு வந்தது. ஏன் இது என்று கேட்டவர்களிடம், “முட்டி வலி” என்றார். எதிர்வீட்டுக்காரர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். என் அம்மா மருத்துவர் பெயர் ஒன்றைச் சொன்னாள். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தினமும் சாயந்திரம் அதைத் தனியாக ஓட்டிப் பழகினார். இடது காலை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வார். “அது பாட்டுக்குப் போகுது. என்னை ஒண்ணும் கேக்க மாட்டேங்குது” என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னார். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். ஆனாலும் வளைவு வந்தால், “கண்ணாடி பாரு” என்று வாய் தானாகச் சொல்லும். சொல்லிவிட்டு அவரே கண்ணாடி பார்ப்பார்.

மகள் வந்தாள். மாமா ரயில் நிலையத்தில் சாவியை அவளிடம் நீட்டினார்.

“நீ ஓட்டு பாப்பா.”

அவள் உட்கார்ந்து, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

“ஆட்டோமேட்டிக்கா? நீங்களா?”

“முட்டி வலி,” என்றார். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. “வலியெல்லாம் இல்ல. உனக்கு இதுதானே ஓட்ட வரும்னு வாங்கினேன்.”

அவள் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று மாமா காத்திருந்தார்.

“அப்பா, நான் வச்சிருக்கறது கியர் வண்டி. கத்துக்கிட்டு வருஷக்கணக்காகுது.”

“சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

அவள் கேட்காமலேயே இவர் மறுபடியும் கால் வைத்திருந்தார். வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“யாரு சொல்லிக்கொடுத்தா?”

“ஆபீஸ்ல ஒரு அக்கா. அவங்க வண்டியிலயே. நடுரோட்ல எத்தனை தடவை நின்னுச்சுன்னு கணக்கே இல்ல. பஸ் டிரைவர் ஒருத்தர் இறங்கி வந்து, ஏம்மா, வண்டிய இங்கயே நட்டு வச்சுட்டியான்னு கேட்டார்.”

“பயமா இருந்துச்சா?”

“ரொம்ப. அழுதுட்டேன். அந்தக்கா எதுவும் பேசாம உக்காந்திருந்தாங்க.”

அந்த இடத்தில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மாமா நினைத்தாராம். அவளிடம் சொல்லவில்லை. “அப்புறம்?” என்று மட்டும் கேட்டார். அவள் வண்டியை எடுத்தாள். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

சில நாள் இருந்தாள். மாடியில் இரண்டு அறையிலும் விளக்கு எரிந்தது. பிறகு போய்விட்டாள்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

“மாமா, கியர் வண்டியா மாத்தித் தரட்டுமா?”

“பாப்பாவக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

“தினமும் ஓட்டப்போறது நீங்க. அவங்கள எதுக்குக் கேக்கணும்?”

“கேக்கணும்டா.”

தரகர் போனதும் மாமா படியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. வேலை நேரம், எடுக்க மாட்டாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

“நீங்க சாப்பிடுங்கம்மா. இவ திருப்பிக் கூப்பிடுவா. உள்ள வந்துட்டா சிக்னல் கிடைக்காது.”

போனை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.