பெருநாள் என்று எழுதிய கார்ட்

கல்முனையில் சலூன் நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்தபோது வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. அழைத்தவர் நிந்தவூர் மர்சூக்; அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னைக் 'காக்கா' என்றே கூப்பிடுவார். கட்டாரில் ஒரு தனியார் பாம்புப் பண்ணையில் பன்னிரண்டு வருடம் இருவரும் ஒரே அறையில் வேலை செய்தோம். நான் ஓய்வு பெற்று ஊர் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"காக்கா, பொம்பள ஆம்பிளய விழுங்குறா."

சலூன் செல்வம் கத்தியை நிறுத்தினார்.

நாங்கள் வளர்த்தது கலிபோர்னியா கிங் என்ற இனம். விஷமில்லை. ஆனால் மற்றப் பாம்புகளைத் தின்னும். பசித்தால் மாப்பிள்ளையையும் தின்னும். வழக்கமான நிறம் கறுப்பில் வெள்ளைப் பட்டை. நிறம் மாறிப் பிறப்பதை மோர்ஃப் என்போம். அன்று விழுங்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண், ஆறு வருடம் சோடி மாற்றிச் சேர்த்ததில் எங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு கத்தரிப்பூ நிறப் பாம்பு. அதற்கு ஏதும் ஆனால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்புவேன் என்று முதலாளி மர்சூக்கிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். மர்சூக்கின் மகள் அந்த வருடம்தான் பல்கலைக்கழகம் போயிருந்தாள்.

"எவ்வளவு உள்ள போயிட்டு?"

"தலை போயிட்டு. உடம்பச் சுத்தி முறுக்கிப் புடிச்சிரிக்கி. இழுக்கவா?"

"இழுத்துராத. அவட பல்லு பின்னுக்கு வளைஞ்சது, தோல் கிழிஞ்சிரும். முதலுதவிப் பெட்டியில ஸ்பிரிட் இரிக்கி. பஞ்சில நனைச்சு அவட வாயோரத்தில ரெண்டு சொட்டு விடு."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பினார். "ஹாஜியார், பொம்பிளைக்கா ஸ்பிரிட் ஊத்தச் சொல்றீங்க?"

"பாம்புக்கு."

"அப்ப ஆம்பிளை?"

"அதுவும் பாம்புதான்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஸ்பிரிட் பட்டதும் பெண் வாயைப் பிளந்து தலையை உதறியது. மர்சூக் வால் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினார். வெளியே வந்த ஆண் துணிக்கயிறு போலக் கிடந்தது.

"நாக்க நீட்டுது, காக்கா."

உயிர் இருப்பது தெரிந்த உடனே நான் விசாரணையைத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் ஓய்வோடு போவதில்லை. சோடி சேர்க்குமுன் பெண்ணுக்கு இரண்டு முறை எலி கொடுத்திருக்க வேண்டும் என்பது, நானே எழுதி லேமினேட் செய்து சுவரில் மாட்டிய ஒன்பது பக்க விதிமுறையில் நான்காம் பக்கம்.

"கார்டப் பாக்காமயா போட்ட?"

"பாத்துத்தான் போட்டன். பெருநாள் எண்டு இரிக்கி."

"ஆர் எழுதின?"

"உங்கட கையெழுத்து, காக்கா."

தோல் உரிக்குமுன் பாம்பின் கண் பால் போலாகும், இரை எடுக்காது. அதற்கு நாங்கள் ஒவ்வொரு கூட்டிலும் தொங்கும் கார்டில் 'நோன்பு' என்று எழுதுவோம். உரித்து, இரண்டு முறை இரையும் எடுத்துவிட்டால் 'பெருநாள்'. அப்போதுதான் முடிந்திருந்த ரமழானில் மர்சூக் லீவில் ஊரில் இருந்தார். பெருநாள் காலை, தொழுகைக்குப் போகும் அவசரத்தில், அன்றுதான் உரித்து முடித்திருந்த அந்தப் பெண்ணின் கார்டில் 'பெருநாள்' என்று எழுதினேன். இன்று பெருநாள், எனக்கு விடுமுறை, நாளை இரை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுநாள் பெட்டி கட்டுவதில் மறந்துபோனேன். திரும்பி வந்த மர்சூக் அதை விதிமுறைப்படி, இரை எடுத்துவிட்டது என்று வாசித்தார்.

"நான் கவனிக்காம விட்டன் எண்டு முதலாளிட்டச் சொல்லிர்றன். நீங்க மரியாதையா போன ஆள்," என்றார்.

"நீ வாயப் பொத்திட்டு ஆம்பிளைக்குத் தண்ணி வை."

பாதிச் சவரத்தோடு முதலாளிக்கு அரபியில் குரல் பதிவு அனுப்பினேன். எழுத்து என்னுடையது, பிழையும் என்னுடையது. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் பதில் வந்தது: "போய்விட்ட உன்னை நான் எப்படி வேலையை விட்டு நீக்குவது? மர்சூக்கிடம் சொல், முதலில் அவளுக்குச் சாப்பாடு போடட்டும்."

இந்த வேலைக்குப் போகும் நம் ஊரவர்களுக்கு ஒன்று சொல்வேன். கார்டில் எழுதும் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும்; கீழே திகதியும் எழுதியவர் பெயரும் வேண்டும். இதைப் பத்தாம் பக்கமாக எழுதி மர்சூக்குக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது.

ஆணின் காயம் ஆறிய பிறகு அதை, வயிறு நிறைந்த அதே பெண்ணோடு மறுபடி சேர்த்தார்கள். எட்டு முட்டை, எட்டும் குஞ்சு பொரித்தன. படத்தைச் செல்வத்திடம் காட்டினேன்.

"எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக் கிடக்கு. எங்க உங்கட கத்தரிப்பூ?"

"உள்ளுக்கு இரிக்கி. தாய் சாதாரணம் எண்டா முதல் பரம்பரை இப்பிடித்தான் வரும். நிறம் உள்ளுக்கு ஒளிஞ்சிரிக்கிறத ஹெட் எண்டு சொல்ற. மூணு வருஷம் வளத்து, மறுகா இதுகளுக்குள்ளயே சேர்த்தா நாலுக்கு ஒண்டு கத்தரிப்பூவா வரும்."

"மூணு வருஷமா? அதுவரைக்கும் ஆர் பாக்குற?"

"மர்சூக்," என்றேன்.