காவல் நிலையத்தில் பிறந்த கன்று

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-ஆவது பிரிவின்படி, திருட்டு வழக்கில் மீட்ட பொருளை விசாரணை முடியும்வரை உரியவரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். எண்பதுகளின் தொடக்கத்தில், கோர்ட் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, திருவாதவூர் பேச்சியம்மாளுக்கு இந்தப் பிரிவில்தான் மனு எழுதிக் கொடுத்தேன். திருடுபோன அவளுடைய சினைப்பசுவை மீட்டு, காவல் நிலைய வாசலில் கட்டியிருந்தார்கள். பால் விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

உத்தரவு வருவதற்குள் பசு அங்கேயே ஒரு கிடேரிக் கன்றை ஈன்றுவிட்டது. உத்தரவோடு நாங்கள் இருவரும் போனபோது, ஏட்டு பசுவை அவிழ்த்துவிட்டு, கன்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்டர்ல ஒரு மாடுதான் இருக்கு."

"முறைதான். கன்றுக்குத் தனி மனு போடுவோம், பொறும்மா" என்றேன் நான்.

"கன்னு இல்லாம மாடு எப்படிய்யா பால் விடும்? இந்தக் கன்னை எந்தக் களவாணி தூக்குனான், இதையும் கட்டிப்போட?"

கோபத்தோடு பசுவை ஓட்டிக்கொண்டு நடந்தாள். கன்று திமிறிக்கொண்டு தாயின் பின்னால் ஓடியது. "ஏட்டையா, பிடிங்க!" என்று கத்தியது நான்தான். அவர் மெதுவாக மீசையைத் தடவினார்.

"சார், நான் ஒப்படைச்சது ஒரு மாடு. பின்னாடி போனதை நான் பாக்கல. நீங்க பாத்தீங்களா?"

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எதையும் பார்க்காமல் விட்டதில்லை. அன்றுதான் முதன்முதலாக, "இல்லை" என்றேன்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. கன்றுக்கும் மனு போட்டுவைத்தேன். அதை ஒப்படைக்கலாம் என்ற உத்தரவு, அந்தக் கன்று வளர்ந்து தன் தலைச்சன் கன்றை ஈன்ற அன்று வந்துசேர்ந்தது.