மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு கொடிகள்

பூங்காவனத்துக்குக் கோபம் வந்தால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அன்று காலை ஏழு மணிக்கே செருகிவிட்டாள்.

"என்ன சொன்னீங்க சார்? திருப்பிச் சொல்லுங்க."

மேனேஜர் குருமூர்த்தி பேட்டரி வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். "லேபர் யாரும் உள்ள நடக்கக் கூடாதும்மா. பதினோரு மணிக்குத் திறப்பு விழா. பெரிய ஆளுங்க வராங்க. புல்லுல கால்தடம் விழுந்துரும். இப்படி கேட்டோட நில்லுங்க, ஸ்வீட் வரும், வாங்கிட்டுக் கெளம்புங்க."

"கால்தடமா?"

அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் நெருப்பாக விழுந்தது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, சுண்ணாம்புக் கல் தோண்டி முடித்துக் கைவிட்ட பள்ளத்தை நிரவி உருவாக்கிய கோல்ஃப் மைதானம் அது. ஒன்பது குழி, ஒன்பது கொடி. அங்கே புல் எப்படி வந்தது என்று குருமூர்த்திக்குத் தெரியாதா? கணுக் கணுவாக நறுக்கிய புல் தண்டை மண்ணில் செருகிக் குதிகாலால் மிதிக்க வேண்டும். மிதி சரியாக விழாவிட்டால் வேர் பிடிக்காது. ஆறு மாதம், முப்பது பெண்கள், வெறுங்காலால் மிதித்து மிதித்து எழுப்பிய பச்சை அது!

பூங்காவனம் குரும்பலூர்க்காரி. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். எட்டு வயதில் யாரோ ஒருவருடைய வரப்பில் ஓடியதற்காகக் காதைத் திருகி அனுப்பப்பட்டவள். சின்ன வெங்காயப் பாத்தியில் களை எடுத்தே வளர்ந்தாள். பக்கத்து வெங்காயம் அசையாமல் களையை மட்டும் உருவி எடுக்கிற விரல்கள் அவளுக்கு. முப்பது வயதில் தாலியை இழந்து, கையில் மகள் கலையரசியோடு நின்றபோது அந்த விரல்கள்தான் காப்பாற்றின. ஒரு கான்ட்ராக்டர் அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார், கோல்ஃப் மைதானத்தில் களை எடுக்க.

முதல் நாள், வேலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சும்மா நடந்து பார்த்தாள். ஒரு திருப்பம். அதைத் தாண்டினால் ஒரு குளம். குளத்தைச் சுற்றினால் ஒரு சரிவு. சரிவின் கீழே, பனி காயாத புல்லின் நடுவே ஒற்றைக் கொடி. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கால் தானாக இழுத்துக்கொண்டு போனது. கொடி நிற்கிற அந்த வழுவழுப்பான வட்டத்தை கிரீன் என்றார்கள். நெல்லடிக்கும் களத்தில் கால் வைக்குமுன் செய்வதுபோல, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அதில் ஏறினாள். பதினெட்டுக் குழிகளையும் நடந்து முடித்தபோது அவள் காதைத் திருக ஒருவரும் வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து அழுதாள்.

அதிலிருந்து அது அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன். எந்த ஊர் மைதானத்துக்கு அனுப்பினாலும் முதல் காலையில் முழுவதையும் நடந்துவிடுவாள். மலையில் ஒன்று, கடலோரம் ஒன்று என்று பதினோரு மைதானங்கள். ஒன்றைப் போல ஒன்று இருந்ததில்லை. ஒன்றில் மயில் வழிமறித்தது. ஒன்றில் மூடுபனிக்குள் கொடியைத் தேடி அலைந்தாள். நடந்து முடித்ததும் மகளுக்கு போன் போட்டு ஒவ்வொரு குழியாகச் சொல்லுவாள். பந்தை அடிப்பவர்களின் கணக்கு அவளுக்கு இன்றுவரை புரியாது. அது வேண்டவும் வேண்டாம்.

பன்னிரண்டாவது, சொந்த மண்ணில். ஆனால் இங்கே ஆட்களைப் பிரித்துவிட்டார்கள். அவளுக்கு முதல் மூன்று குழிதான். மீதி ஆறும் கல்குவாரி மேட்டுக்கு அந்தப் பக்கம்; ஆறு மாதமாக எட்டிப் பார்க்கவும் விடவில்லை. "திறப்பு அன்னைக்கு எல்லாத்தையும் நடந்து பாருங்க, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தவர் இதே குருமூர்த்தி!

"எக்கா, வுடு. ஸ்வீட்டாவது வரட்டும்" என்று கையைப் பிடித்தாள் கூட வேலை செய்யும் சிந்தாமணி.

"நீயே தின்னுடி. எனக்குஞ் சேத்துத் தின்னு."

செருப்பைக் கழற்றினாள். கையில் எடுத்துக்கொண்டாள். நடந்தாள்.

"ஏய்! யாரும்மா அது!" வாட்ச்மேன் சாமிதுரை விசில் ஊதினார். குருமூர்த்தி வண்டியை முடுக்கினார்.

"பூங்காவனம், நில்லு! நாளையிலேருந்து வேலை கெடையாது பாத்துக்க!"

"இன்னைக்கு மட்டும் குடுத்தீங்களா சார்? கேட்டுல நிக்கச் சொன்னீங்க."

"சொன்னாக் கேக்க மாட்டியா?"

"நீங்க சொன்னதைத்தான சார் செய்யறேன். 'நடந்து பாருங்க, நான் பொறுப்பு.' யாரு சொன்னது? உங்க வாயா, வாடகை வாயா?"

பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. மேட்டில் ஏறினாள், இறங்கினாள். வண்டி பக்கத்திலேயே இரைந்துகொண்டு வந்தது. அவள் மனதுக்குள் ஏச்சு கொதித்தது. ஒவ்வொரு கொடியையும் எண்ணிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டே போனாள். ஆறாவது குழியின் ஏற்றத்தில் வண்டி முனகி நின்றுவிட்டது. குருமூர்த்தி இறங்கி, பளபளக்கும் ஷூவோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

ஒன்பதாவது கிரீனில் பிடித்துவிட்டார். "கார்டைக் குடு."

அப்போது போன் அடித்தது. ஆண்டிமடத்திலிருந்து கலையரசி.

"அம்மா, நடந்தாச்சா? எப்படிம்மா இருக்கு நம்மூரு மைதானம்? ஒண்ணொண்ணா சொல்லு!"

பூங்காவனம் வாயைத் திறந்தாள். நாலாவது குழியில் என்ன இருந்தது? அஞ்சாவதில்? ஏதோ தண்ணீர் பளிச்சென்றதே, அது ஏரியா, குட்டையா? விசில் சத்தம் ஞாபகம் இருந்தது. வண்டியின் இரைச்சல் ஞாபகம் இருந்தது. தான் திட்டிய திட்டு ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது. நடந்தவள் அவள்தான், ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை!

"பாவி!" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பாவி மனுசா, என் கண்ணையே புடுங்கிட்டியே!"

"யாரும்மா? யாரைச் சொல்ற?" கலையரசி பதறினாள்.

"இரு தாயி. அம்மா இன்னும் பாக்கலை. பாத்துட்டுச் சொல்றேன்."

கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"லேபர் நடக்கக் கூடாதுன்னீங்க. இப்ப நான் லேபர் இல்ல. சரிங்களா சார்?"

"இது என்ன நியாயம்? வெளியாளும் நடக்கக் கூடாது!"

"கால்தடம் விழும்னீங்களே, கீழ குனிஞ்சு பாருங்க."

குருமூர்த்தி குனிந்து பார்த்தார். மழமழவென்றிருந்த வட்டத்தில் அவருடைய ஷூ குதி பதிந்த பள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. அவள் நின்ற இடத்தில் பனி மட்டும் கலைந்திருந்தது.

"மேனேஜர் ஆகி எத்தனை மாசம்? ஒரு தடவையாவது இதை நடந்து பாத்துருக்கீங்களா?"

அவர் வண்டி நின்றுபோன மேட்டையே பார்த்தார்.

பூங்காவனத்தின் கோபம் தீரவில்லை. தீர வேண்டிய கோபமும் அல்ல அது. ஆனால் அதை அவர் கையில் கொடுத்த அட்டையோடு அங்கேயே விட்டாள். செருகிய முந்தானையை உருவிக் கண்ணைத் துடைத்தாள். ஒன்பதிலிருந்து எட்டுக்கு, வந்த வழியே திரும்பி, மெல்ல நடக்க ஆரம்பித்தாள்.

சரிவு திரும்பியது. கல்குவாரியின் வெள்ளைச் சுவர் வெயிலில் பழுத்து நின்றது. அதன் அடியில், அப்படி ஒரு நீலத்தில், தண்ணீர்.

"அடியாத்தி!" என்று நின்றுவிட்டாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் சாமிதுரை இன்னும் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அது அவள் காதில் விழவில்லை.